பாடன்-பாடன் ஹோட்டலின் முன்மண்டபத்தில் ஒரு பகல்

சித்திரை வருடப்பிறப்புக்கு முந்தின வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, நானும் என் மூத்த மகனும் கெல்சென்கிர்ச்சனில் இருந்து பாடன்-பாடன் என்ற ஊருக்குப் போனோம். அங்கே நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பழைய ஒரு பெரிய ஹோட்டலில் தங்கினோம். அந்தக் காலத்தில் பிரபுக்களும் அரச குடும்பத்து ஆட்களும் வெந்நீர் ஊற்றில் குளிக்க வந்து மாதக் கணக்கில் கிடந்த இடமாம். நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், ஒரு இரவுதான் கிடந்தேன். என் இணையப் பக்கத்தை வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் என்னைப் போல முழங்கால் நோவுக்காரர் என்பதால், எங்கே ஏறினது, எங்கே இருந்தது, எது நொந்தது எல்லாம் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

உண்மையில் ஹோட்டல் பார்க்கப் போகவில்லை. பேத்தியைப் பார்க்கப் போனோம். தாரணி, என்னோடு வந்த இந்த மூத்த மகன் சிவகுமாரனின் ஒரே பிள்ளை. பள்ளிக்கூடக் கடைசிச் சோதனையில் நல்ல புள்ளி எடுத்தவள். எங்கள் சனத்தில் அப்படிப் புள்ளி எடுத்தால் டொக்டர், அல்லது சட்டம். இவள் ஹோட்டல் வேலைக்கு ஆவுஸ்பில்டுங், அதாவது மூன்று வருடத் தொழிற்பயிற்சி, செய்யப்போகிறேன் என்றாள். ஹோட்டல் என்றால் எங்கள் ஆட்களுக்கு பிளேன்ரீயும் வடையும் விற்கிற கடைதான் முதலில் கண்ணுக்கு முன்னால் வரும். கோயிலில் ஒரு அக்கா என்னிடமே கேட்டா, "ஏன், பிள்ளைக்கு வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

"எல்லாம் கிடைச்சது. அவளுக்குப் பிடிக்கேல்லை" என்றேன். அன்றிலிருந்து அந்த அக்கா என்னோடு அளவாகத்தான் கதைப்பா.

மகனுடைய கோபம் வேறு மாதிரி. அகதியாக வந்த காலத்தில் அவன் பன்னிரண்டு வருடம் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினவன். சவர்க்காரத் தண்ணியில் விரல் எல்லாம் வெடித்து, எண்ணெய் பூசித் துணி சுற்றிக்கொண்டு படுப்பான். அங்கே அவனுடைய பெயர் ஒருவருக்கும் வாயில் வரவில்லையாம். ஸிகி என்று ஒரு ஜெர்மன் பெயரை வைத்துவிட்டார்கள். இது எனக்குத் தெரியாது. ஒருநாள் குசினியில் இருந்து யாரோ வீட்டுக்கு ஃபோன் எடுத்து ஸிகி இருக்கிறானா என்று கேட்க, அப்படி ஒருத்தரும் இங்கே இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். மகன் வந்து தலையில் கை வைத்தான். "அம்மா, அது நான்தான்." அன்றைக்குச் சிரித்தோம்.

பயிற்சி முடிந்ததும் மகள் மேலே படிக்கப் போவாள் என்று நம்பியிருந்தான். அவள் பாடன்-பாடன் ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலையை எடுத்தாள். "ஹோட்டலுக்குள்ளை என்ன நடக்கிறது எண்டு எனக்குத் தெரியும். என்ர பிள்ளை அங்கை நிக்க ஏலாது" என்றான். அவள் போனாள். அவன் அவளோடு கதைக்கிறதை நிறுத்தினான். இரண்டு வருடம். அவள் ஃபோன் எடுத்தால் மனிசியின், அதாவது என் மருமகளின், கையில் கொடுத்துவிட்டு எழும்பிப் போய்விடுவான். நத்தார் என்கிற கிறிஸ்மஸ், பொங்கல் என்றால் ஹோட்டல்காரருக்குத்தான் கூடின வேலை, அதனால் அவளும் வர முடியாது. நடுவில் இருந்து களைத்தது நான்.

அங்கே வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்கு வருடத்தில் ஒருமுறை சலுகை உண்டு. இரண்டு பேர் படுக்கிற அறை, காலைச் சாப்பாட்டோடு எண்பத்தொன்பது யூரோ. வெளியாட்களுக்கு நானூறுக்கு மேல். தாரணி எனக்குத்தான் ஃபோன் எடுத்தாள். "அப்பம்மா, நீங்கள் வாங்கோ. ஆரோடையெண்டாலும் வாங்கோ." அந்த 'ஆரோடையெண்டாலும்' இரண்டு தரம் வந்தது. மருமகளுக்கு முதியோர் இல்லத்தில் ஷிஃப்ட். தனியாக ரயில் மாற என்னால் ஏலாது. மிச்சம் மகன்தான்.

"கொண்டுபோய் விட்டிட்டு நான் பின்னேர ரயிலிலை திரும்பிடுவன். நாளைக்கு அவள் உங்களை ரயிலேத்தி விடட்டும், நான் எசனிலை வந்து நிக்கிறன்" என்றான்.

"எட்டு மணித்தியாலம் ரயிலுக்குள்ளை இருப்பாய், ஒரு மணித்தியாலம் பெத்த பிள்ளைக்கு முன்னாலை இருக்கமாட்டியோ?"

"மாட்டன்."

இனி ரயில். காலை ஏழரைக்கு கெல்சென்கிர்ச்சனில் ஏறி, பத்து நிமிடத்தில் எசனில் இறங்கி, அங்கே பெரிய ரயிலுக்கு மாறவேண்டும். மாறுவதற்குக் குறைந்தது அரை மணித்தியாலம் இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கோ. எசனில் இருந்து பாடன்-பாடன் வரைக்கும் ஒரே ரயில், மூன்றரை மணித்தியாலமளவில் போய்ச்சேரும். எங்களுடையது வழியில் நின்று நின்று நாற்பது நிமிடம் பிந்தியது. மேசை உள்ள இருக்கை எடுத்தால் கால் நீட்ட முடியாது, பெட்டியின் கடைசியில் உள்ளதை எடுங்கோ. நான் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போனேன். மகன் தொடவில்லை. மான்ஹைம் வரைக்கும் ஃபோனைப் பார்த்தான், அதற்குப் பிறகு யன்னலைப் பார்த்தான்.

ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை. ஐந்து கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. பஸ் அடிக்கடி உண்டு, ஆனால் என் கால் அன்றைக்கு பஸ் கேட்கவில்லை. டாக்சி இருபத்திரண்டு யூரோ. சாரதி துருக்கிக்காரப் பெடியன், நல்ல பிள்ளை. ஹோட்டல் பெயரைச் சொன்னதும் கண்ணாடிக்குள்ளால் எங்களைப் பார்த்தான்.

"முன்வாசலோ, வேலையாட்கள் போகிற பின்வாசலோ?"

மகன், கேட்ட கையோடு, "பின்னுக்கு" என்றான்.

நான் பெடியனின் தோளில் தட்டினேன். "முன்னுக்கு விடு ராசா. காசு கட்டித்தான் வந்தனாங்கள்." என் ஜெர்மன் உடைஞ்ச ஜெர்மன்தான், ஆனால் அவனுக்கு விளங்கி, சிரித்துக்கொண்டு முன்னுக்கே கொண்டுபோய் விட்டான். மகன் வெட்கப்பட்டானோ கோபப்பட்டானோ தெரியாது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான்.

வடிவான கட்டிடம். வெளியே மஞ்சள் நிறம், முன்னுக்குச் சின்ன ஆறு, கரையெல்லாம் பூ மரம். உள்ளே பளிங்குத் தூண்கள், மேலே தொங்குகிற கண்ணாடி விளக்கு ஒன்று எங்கள் வீட்டு விறாந்தை அளவு. கால் புதைகிற கம்பளம். பொல்லு ஊன்றி நடக்கிறவர்கள் அந்தக் கம்பளத்தில் கவனம், பொல்லு உள்ளே போய்விடும். வாசலில் நாலு படி. பக்கத்தில் சாய்தளம் இருக்கிறது, செடிச்சட்டிக்குப் பின்னால் மறைந்து கிடக்கும், கேட்டால் காட்டுவார்கள்.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் தாரணி நின்றாள். கருநீலக் கோட்டு, இழுத்துக் கட்டின தலைமயிர். இரண்டு வருடத்தில் மெலிந்துவிட்டாள். எங்களைக் கண்டதும் அவள் முகம் ஒரு கணம் வீட்டுப் பிள்ளையின் முகமாகி, உடனே வேலையிடத்து முகமாகியது. பக்கத்தில் மேலாளர், பின்னால் வேறு விருந்தாளிகள். சுத்தமான ஜெர்மனில், 'ஸீ' என்ற மரியாதைச் சொல் போட்டு, பயணம் நன்றாக இருந்ததா என்று கேட்டாள். அறை மூன்று மணிக்குத்தான் தயாராகும், அதுவரைக்கும் முன்மண்டபத்தில் இளைப்பாறலாம் என்றாள். மகன் நிலத்தைப் பார்த்துத் தலையாட்டினான்.

கதிரையில் இருந்ததும் தொடங்கினான். "பெத்த தகப்பனுக்கு ஸீ போடுறாள்."

"நீ அவளுக்கு ஒண்டுமே போடுறேல்லையே" என்றேன்.

அப்போது நேரம் ஒன்று. அவனுடைய ரயில் ஐந்து நாற்பதுக்கு. எனக்கு அறை கிடைக்கும் வரைக்கும் இருந்துவிட்டுப் போவதாகச் சொன்னான். நான் மனதுக்குள், பிள்ளையாரே, இந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரு வார்த்தையாவது அவன் வாயில் இருந்து அவளுக்கு விழவேண்டும் என்று கேட்டேன். அதற்காகத்தான் இந்த முழங்காலை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது. அறைக்கட்டணம், கண்ணாடி விளக்கு எல்லாம் பிறகு.

தேத்தண்ணி ஒரு கேத்தில் ஒன்பது யூரோ. இரண்டு பேருக்கு ஒரு கேத்தில் காணும், இரண்டாவது கோப்பை கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார்கள். அந்தக் கதிரைகள் பார்க்க வடிவு, ஆனால் பதிவு, நிலத்தோடு கிடக்கும். இருந்தால் எழும்ப ஆள் வேண்டும். நாரிக்கு, அதாவது இடுப்புக்குப் பின்னால் வைக்க, ஒரு தலையணி கேட்டு வாங்கினேன். எங்களுக்கும் மேசைக்கும் இடையில் ஒரு தூண்தான். பார்வையும் தெரியும், சத்தமும் கேட்கும்.

பார்த்துக்கொண்டிருந்தோம். பெட்டியோடு வருகிறவர்கள், பெட்டியோடு போகிறவர்கள், திறப்பை, அறைச் சாவியை, துலைத்தவர்கள், நாய்க்குத் தண்ணி கேட்கிறவர்கள். தாரணி நின்றபடியே, ஒரு நிமிடமும் இருக்கவே இல்லை. மேசைக்குப் பின்னால் கதிரையே கிடையாது. "காலை ஆறு மணிக்கு வந்திருப்பாள்" என்றான் மகன், எனக்கு இல்லை, தன்பாட்டுக்கு.

பிறகு ஒரு மனிசன் வந்தார், குளியல் சட்டையோடு, முகம் சிவந்து. உடம்பு பிடித்துவிடுகிற இடத்தில் அவருடைய டெர்மினை, குறித்து வைத்த நேரத்தை, வேறு ஆருக்கோ கொடுத்துவிட்டார்களாம். மேசையில் கையால் அடித்தார். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தாரணி அசையவில்லை. மெல்லிய குரலில் என்னவோ சொன்னாள், அவர் இன்னும் கத்தினார், அவள் திரும்பவும் அதையே சொன்னாள். மகன் பாதி எழும்பிவிட்டான். அவனுடைய சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தேன்.

"இரு. அது அவளின்ர வேலை."

"கத்துறான் அம்மா."

"கத்தட்டும். நீ போனால் அவளின்ர வேலைக்குத்தான் ஆபத்து."

அந்த மனிசன் கடைசியில் புறுபுறுத்துக்கொண்டு போனார். தாரணி சிரித்த முகத்தோடு அடுத்த ஆளைக் கவனித்தாள். அந்த ஆளும் போனபிறகு, மேசைக்குக் கீழே குனிந்து தண்ணி குடித்தாள். ஒரு கிளாஸ் காணாமல் இரண்டாவதும் ஊற்றிக் குடித்தது எனக்குத் தெரிந்தது. மகனுக்கும் தெரிந்திருக்கும்.

"பார்த்தீங்களோ. இதுக்குத்தான் நான் சொன்னனான்" என்றான். டிக்கெட்டை எடுத்து நேரத்தைத் திரும்பவும் பார்த்தான். கூட்டிக்கொண்டு வந்தது பிழையாகிப் போச்சுதோ என்று நினைத்தேன். கால் வீங்கிச் செருப்பு இறுக்கியது, கழற்றி விட்டேன்.

கண் கொஞ்சம் சொருகியிருக்கும். லிஃப்ட் பக்கம் இருந்து ஒரு பெண் குரல் உரத்துக் கூப்பிட்டது.

"சிவகுமாரன்!"

மகன் துள்ளி எழும்பினான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிட்டது போல, நேராக, கை இரண்டும் பக்கத்தில்.

இதை வாசிக்கிற எங்கள் ஆட்களுக்கு விளங்கும். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, தகப்பன் பெயரைத்தான் பிள்ளையின் பெயரோடு போடுவோம். ஜெர்மன்காரர் அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்து, அதைச் சொல்லித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அதனால் மகனை அரசாங்கக் கந்தோர்களில், அலுவலகங்களில், அவனுடைய தகப்பன் பெயரால் கூப்பிடுவார்கள். குசினியில் ஸிகி. இப்போதைய வேலையிடத்தில் குமார். சிவகுமாரன் என்று நான் பார்த்து வைத்த முழுப் பெயர் வீட்டுக்கும், கோயிலில் அர்ச்சனைத் துண்டுக்கும் மட்டும்தான். ஒரு ஜெர்மன் வாயில் அதை ஒரு எழுத்தும் விழாமல் கேட்டது அதுதான் முதல்தரம். அவன் எழும்பாமல் என்ன செய்வான்?

கூப்பிட்டது ஒரு கிழவி. என்னிலும் மூப்பு, வெள்ளிப் பிடி போட்ட பொல்லு, கழுத்தில் பவளம். அவ கூப்பிட்டது 'ஃபிராவ் சிவகுமாரன்' என்று, தாரணியை. முன்னாலிருந்த ஃபிராவ், பெண்களுக்குப் போடுகிற மரியாதைச் சொல், எங்கள் காதில் ஏறவில்லை. மண்டபத்தின் நடுவில் நிமிர்ந்து நிற்கிற என் மகனைக் கண்டு அவவும் நின்றுவிட்டா.

"நீங்களும் சிவகுமாரனோ?" என்று கேட்டா.

"ஓம்," என்று தமிழில் தொடங்கி, பிறகு ஜெர்மனில் சொன்னான். "நான் அவவின்ர தகப்பன். அது என்ர பெயர்."

கிழவி கிட்ட வந்து கையைக் கொடுத்தா. "உங்களால் எனக்கு மூன்று நாள் போனது" என்றா. அவ ஒவ்வொரு வசந்தத்துக்கும் அங்கே குளிக்க வருகிறவவாம். தாரணி வேலைக்கு வந்த முதல் வருடம், இவ்வளவு நீளமான பெயரைத் தன்னால் சொல்ல முடியாது, சுருக்கமாக ஃபிராவ் சிவா என்று கூப்பிடட்டுமா என்று கேட்டிருக்கிறா. "வேண்டாம் என்றாள் உங்கள் மகள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் விடவில்லை. அது அப்பாவின் பெயர், வெட்டித் தர ஏலாது, ஆறுதலாகப் பழகுங்கோ, நான் சொல்லித் தாறன் என்றாள். காலையில் திறப்புக் கொடுக்கும்போது ஒருதரம், இரவு வாங்கும்போது ஒருதரம், மூன்று நாள் சொல்லிப் பழகினேன். மேலாளரும் இப்படித்தான் பழகினாராம்."

சொல்லிவிட்டு, தனக்கு வேண்டிய குடையை வாங்கிக்கொண்டு அவ போய்விட்டா. தான் என்ன செய்தா என்று அவவுக்குத் தெரியாது.

மகன் திரும்பக் கதிரையில் இருக்கவில்லை. தூணில் கை வைத்துக்கொண்டு நின்றான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வளர்ந்த ஆம்பிளைப் பிள்ளையின் முகத்தைச் சில நேரம் பார்க்கக் கூடாது. குளிர்ந்துபோன தேத்தண்ணியைக் குடித்தேன்.

பிறகு அவன் போய் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் இரண்டு பேர். அவர்களை மீறிப் போகவில்லை. அவன் முறை வந்தது. தாரணி அவனைப் பார்த்தாள். அவன் ஜெர்மனில்தான் தொடங்கினான், அவள் போட்ட அதே ஸீயைப் போட்டு.

"மன்னிக்கவேண்டும். இண்டைக்கு இரவு எனக்கும் ஒரு இடம் கிடைக்குமோ?"

அவள் கம்ப்யூட்டரைப் பார்க்கவே இல்லை. "அறை இரண்டு பேருக்குத்தான் பதிந்திருக்கிறது. மூன்று கிழமைக்கு முதலே உங்கள் பெயரும் போட்டாச்சு."

அவன் கொஞ்ச நேரம் நின்றான். பின்னால் ஒருவர் செருமினார். அப்போதுதான் தமிழ் வந்தது. "எத்தினை மணிக்கு முடியும் உனக்கு?"

"மூண்டுக்கு, அப்பா."

"சரி."

அவ்வளவுதான். நீங்கள் கட்டிப்பிடித்து அழுத கதை எதிர்பார்த்தால் நான் பொய்தான் எழுதவேண்டும்.

அறை மூன்றாம் மாடியில். பித்தளைக் கதவு போட்ட பழைய லிஃப்ட், உள்ளே இருக்க பெஞ்சு மாதிரி ஒரு சின்ன வாங்கு உண்டு. கட்டில் உயரம், மெத்தை சரியான மெது, என் நாரிக்கு ஒத்துவரவில்லை. குளிக்கிற இடத்தில் உயரமான தொட்டி, ஏறிக் கடக்க ஏலாது. பதிவு செய்யும்போதே ஷவர் உள்ள அறை கேளுங்கோ. கீழே வெந்நீர்த் தடாகம் இருக்கிறது, தங்குகிறவர்களுக்கு இலவசம். நான் போகவில்லை, கால் போதும் என்றுவிட்டது.

தாரணி வேலைச் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, "அப்பம்மா, சம்பல் மணக்குது" என்றாள். மிச்ச இடியப்பம் எல்லாம் அவளுக்குத்தான். நான் கட்டிலில் சாய்ந்தேன். அவள் வாய்க்குள் இரண்டாவது பிடி போகமுதல் தகப்பன் தொடங்கினான்.

"உந்த மனிசன் மேசையிலை அடிக்கேக்கை ஏன் சும்மா நிண்டனி?"

"சும்மா நிக்கேல்லை அப்பா. ஏலாது எண்டு சொன்னனான்."

"சிரிச்சுக்கொண்டு சொன்னனி."

"சிரிச்சுக்கொண்டு ஏலாது எண்டு சொல்லத்தான் மூண்டு வருசம் படிச்சனான்."

"உதுக்கொரு படிப்போ?"

"நீங்கள் பன்னிரண்டு வருசம் ஒண்டும் சொல்லாமல் நிண்டனீங்கள். அது ஆர் படிப்பிச்சது?"

அவன் எழும்பி டிக்கெட்டைத் தூக்கப்போகிறான் என்று நினைத்தேன். அவன் எழும்பவில்லை. பிறகு அவன் சொன்னான், "ஒருத்தரும் படிப்பிக்கேல்லை. பயம்தான்." பிறகு, "மெலிஞ்சு போனாய். இவங்கள் உனக்குச் சாப்பாடு தாறேல்லையோ?" அவள், "தாறவை அப்பா, உப்பில்லை" என்றாள். அதிலிருந்து சாப்பாடு, வாடகை, கலியாணம், கோயிலில் ஆர் ஆர் என்ன சொன்னது என்று இரண்டு வருடச் சண்டையையும் ஒரே மூச்சில் பிடித்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் எனக்கு நல்ல நித்திரை வந்தது. நான் விழித்தபோது வெளியே விளக்குப் போட்டிருந்தது, ஐந்து நாற்பது ரயில் எப்போதோ போயிருந்தது, அவர்கள் இன்னும் முடிக்கவில்லை.

சண்டை தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அடுத்த நாள் ரயிலிலும் மகன், படிக்க வேண்டிய பிள்ளை என்று சொல்லிக்கொண்டுதான் வந்தான். வீட்டுக்கு வந்து நாலு நாளாகியும் என் முழங்கால் வீக்கம் வற்றவில்லை. இனி இப்படி ஒரு பயணம் என் வயதுக்கு ஏலாது.

போகிறவர்களுக்கு: கிழமை நாட்களில் போங்கோ, சனி ஞாயிறு விலை கூட. கூட வருகிறவர் திரும்பிப்போகிறேன் என்று எவ்வளவு பிடிவாதம் பிடித்தாலும், மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கோ, எங்களுடையது வீணாகப் போனது. காலைச் சாப்பாட்டில் முட்டையும் பழமும் நல்லது, மிச்சத்துக்கு ஊறுகாய் கொண்டுபோங்கோ. பிள்ளைகள் என்ன வேலை செய்கிறார்கள் என்று தெரியாமல் கோபித்துக்கொண்டிருக்கிறவர்கள், அவர்கள் வேலை செய்கிற இடத்தில், தள்ளி ஒரு கதிரையில், ஒரு பகல் இருந்து பாருங்கோ. இடையில் எழும்பிப் போகாதேங்கோ. நாரி நோகும். இருங்கோ.